லெம்மரன் குடிலிலிருந்து வில்ட்ஸ்ட்ரூபெல்: பாதியில் திரும்பினோம், நண்பன் முகம் கொடுத்துப் பேசவில்லை

மலைமுகடு · ஞாயிறு, இரவு 9.40

பேர்ணில் தொழிற்பயிற்சி முடித்த காலத்திலிருந்து நாங்கள் ஐந்து பேர் ஒன்றாக ஸ்கீ டூர், அதாவது ஸ்கீயிலேயே மலை ஏறிச் சறுக்கி இறங்கும் பயணம், போகிறவர்கள். இரண்டு தமிழர், மூன்று சுவிஸ்காரர். கல்யாணம், பிள்ளைகள், வீட்டுக்கடன் என்று ஆளுக்கொரு பக்கம் போய்விட்டாலும் ஏப்ரல் கடைசியில் ஒரு வார இறுதியை மட்டும் யாரும் விட்டுக்கொடுப்பதில்லை. இந்த முறை வில்ட்ஸ்ட்ரூபெல் மலை. லொய்க்கர்பாட்டிலிருந்து கேபிள் காரில் கெம்மி கணவாய்க்கு ஏறி, உறைந்து கிடந்த டௌபன்சே ஏரியை ஒட்டிச் சென்று, லெம்மரன் சமவெளியைக் கடந்து மாலைக்குள் குடிலை அடைந்துவிட்டோம். அதுவரை சிரிப்பும் கும்மாளமும்தான்.

மாலை ஐந்து மணிக்கு வந்த பனிச்சரிவு அறிக்கையை ஐந்து பேரும் சேர்ந்து படித்தோம். இரவில் வானம் தெளிந்தால் காலையில் நிலைமை நன்றாக இருக்கும், வெயில் ஏற ஏற ஈரப்பனிச்சரிவு அபாயம் கூடும் என்பது சாரம். வசந்த காலத்தில் வழக்கமாக வருவதுதான். சாப்பாட்டு மேசையிலேயே ஒரு நிபந்தனை பேசிக்கொண்டோம்: பனியாற்றின் விளிம்பில் நின்று ஸ்கீயைக் கழற்றிக் காலை ஊன்றிப் பார்ப்பது, ஓடு, அதாவது பனியின் மேல் உறைந்த கெட்டிப் படலம், தாங்காமல் முழங்கால் வரை புதைந்தால் மறுபேச்சில்லாமல் திரும்புவது. ஐந்து பேரும் தலையசைத்தார்கள்.

விடியற்காலையில் எழுந்தபோது நட்சத்திரம் ஒன்றுகூட இல்லை. மேகம் கலையவே இல்லை. ஐந்தரைக்குக் கிளம்பினோம். ஓடு ஸ்கீக்குத் தாங்கியது. ஆனால் ஊன்றுகோலைக் குத்தினால் கைப்பிடி வரை இறங்கியது. ஏழே கால் அளவில், 2,800 மீட்டரில், பேசியபடியே ஸ்கீயைக் கழற்றி நின்றேன். இரண்டு விரல் தடிமனுக்கு ஓடு; கீழே ஈரச் சர்க்கரை. முழங்காலையும் தாண்டிப் புதைந்தேன். திரும்புவோம் என்றேன். மூன்று பேர் சரி என்றார்கள்.

ஐந்தாமவன் ரயில் ஓட்டுநர். அவன் அசையவில்லை. "உச்சி இதோ தெரிகிறது, நானூறு மீட்டர்தானே" என்றான். அந்த நேரம் பார்த்து, வழிகாட்டி ஒருவருடன் போன வேறொரு குழு மேலிருந்து சறுக்கிக்கொண்டு வந்து, எங்களைக் கடந்து, கை அசைத்துவிட்டுப் போனது. அவ்வளவுதான், அவன் முகம் இருண்டுவிட்டது. குடில் திண்ணையில் காபி குடிக்கும்போது எல்லார் காதிலும் விழும்படி "பயந்தாங்கொள்ளிகள்" என்றான். திரும்பும் ரயிலில் பேர்ண் வரை ஜன்னலைப் பார்த்தபடியே வந்தான்.

முடிவு சரி என்றே நான் நினைக்கிறேன். ஆனாலும் அந்தக் குழு சுகமாக வந்ததற்கு என்னிடம் பதில் இல்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

தூள்பனி · ஞாயிறு, இரவு 10.25

மனம் நோகாமல் கேளுங்கள்: உங்கள் சோதனை தவறான இடத்தில் நடந்திருக்கிறது. 2,800 மீட்டரில் புதைந்தீர்கள், சரி. மேலே 3,240 மீட்டர் உயரத்தில் குளிர் அதிகம், காற்றும் உண்டு, அங்கே ஓடு கெட்டியாக இருந்திருக்கும். வில்ட்ஸ்ட்ரூபெலின் மேல் பகுதி அகலமான, மிதமான பனியாறு. வரைபடத்தில் சாய்வுக் கோணத்தைப் போட்டுப் பாருங்கள், 30 பாகைக்கு மேல், பனிச்சரிவு விழக்கூடிய செங்குத்து என்று நிறம் காட்டும் இடங்கள் அங்கே அதிகமில்லை. சிக்கல் உச்சியில் இல்லை, திரும்பி வரும்போது கீழே உள்ள செங்குத்தான பகுதியில்தான்.

இன்னொன்று, ஸ்கீயின் நீளத்தில் எடை பரவுகிறது. ஸ்கீயைக் கழற்றிய காலில் பரவுவதில்லை. கால் புதைந்ததால் மட்டும் அந்தச் சரிவு விழுந்துவிடும் என்று பொருளில்லை. அந்த அளவுகோலை வைத்தால் மே மாதத்தில் யாருமே வீட்டை விட்டுக் கிளம்ப முடியாது.

பேர்ண்_அக்கா · ஞாயிறு, இரவு 11.10

தூள்பனி தம்பி, பாதி சரியாகச் சொன்னீர்கள். மீதிப் பாதி ஆபத்தானது.

வசந்த கால டூர் முழுக்க முழுக்க முந்தின இரவைப் பொறுத்தது. வானம் தெளிவாக இருந்தால் பனியின் மேற்பரப்பு தன் வெப்பத்தை நேராக விண்ணுக்குக் கொடுத்துவிடும். காற்றின் வெப்பநிலை பூச்சியத்துக்கு இரண்டு மூன்று பாகை மேலே இருந்தாலும் பனி உறையும். மேகம் மூடினால் அந்த வெப்பம் திரும்பி வருகிறது. பகலில் உருகிய ஈரம் உள்ளேயே தங்கிவிடும். அப்படிப்பட்ட இரவுக்குப் பிறகு கிடைக்கும் ஓடு வெறும் ஒப்புக்குத்தான். அரை மணி நேர வெயில் போதும், ஈரம் கீழே இறங்கி, பலவீனமான அடுக்கு இருந்தால் அதைப் போய்த் தொடும். மேகம் இரவெல்லாம் இருந்துவிட்டுக் காலையில் கலைவதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

மேலே கெட்டியாக இருந்திருக்கும் என்கிறீர்கள். இருந்திருக்கலாம். ஆனால் அவர்கள் திரும்பி வரவேண்டியது எந்த வழியாக? தென்கிழக்கு நோக்கிய சரிவு, ஏப்ரல் கடைசி, ஏழு மணிக்கெல்லாம் வெயில் நேராக விழும் இடம். ஏறும்போதே புதைகிற பனி, இரண்டு மணி நேரம் கழித்து இறங்கும்போது கெட்டியாகிவிடுமா? காலால் மிதித்துப் பார்ப்பது சரிவு விழுமா என்பதற்கான சோதனை இல்லைதான். இரவில் உறைந்ததா இல்லையா என்பதற்கான சோதனை அது. அதற்குப் பதில் கிடைத்துவிட்டது.

மற்றக் குழு பத்திரமாக வந்தது என்பது எதையும் நிரூபிக்கவில்லை. பனிச்சரிவில் இதுதான் பெரிய வஞ்சகம்: தவறாக முடிவெடுத்தாலும் பெரும்பாலான நாட்களில் ஒன்றும் ஆகாது. அதனால் தவறான பழக்கத்துக்கு மலையே சான்றிதழ் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

மலைமுகடு, ஒன்று கேட்கிறேன். அந்தக் குழு எத்தனை மணிக்குக் குடிலை விட்டுப் போனது?

மலைமுகடு · திங்கள், காலை 6.50

அக்கா, குடில்காரரிடம் கேட்டேன். நாலே காலுக்கே போய்விட்டார்களாம். ஏழுக்கு முன்பே உச்சியில் இருந்திருக்கிறார்கள். எட்டு மணிக்குக் குடிலில் முட்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

தூள்பனி · திங்கள், காலை 7.30

அப்படியானால் கேள்வியே மாறிவிட்டது. ஒரே மலை, ஒரே நாள் என்றாலும் அவர்கள் பார்த்த பனி வேறு, நீங்கள் பார்த்தது வேறு. நீங்கள் போன வேகத்தில் உச்சிக்கு எட்டே முக்கால், தோலைக் கழற்றி மூச்சு வாங்கி இறங்க ஒன்பது, கீழ்ச்சரிவில் ஒன்பதரை. நல்ல இரவுக்குப் பிறகு என்றால் அது பொன்னான நேரம்; மேல் ஒரு சென்டிமீட்டர் மட்டும் இளகி, ஃபிர்ன் என்கிறார்களே, அந்த வெண்ணெய்ச் சறுக்கல் கிடைத்திருக்கும். இப்படிப்பட்ட இரவுக்குப் பிறகு ஒன்பதரைக்கு அங்கே நான் நிற்கமாட்டேன். நேற்று எழுதியதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன்.

ஆனால் ஏன் ஐந்தரைக்குக் கிளம்பினீர்கள்? மேகம் மூடியிருப்பது தெரிந்ததும் ஒன்று முன்பே போயிருக்கவேண்டும், அல்லது போகாமலே இருந்திருக்கவேண்டும்.

புதிய_சூரிச்வாசி · திங்கள், காலை 9.15

நடுவில் நுழைவதற்கு மன்னியுங்கள். நான் கோயம்புத்தூரிலிருந்து வேலைக்கு வந்தவன். தயார் செய்யப்பட்ட சறுக்குப் பாதைகளில் நடுத்தரக் கடினமான சிவப்புப் பாதை வரை தைரியமாக இறங்குவேன். இப்படிப்பட்ட டூருக்கு யாருடனாவது சேர்ந்து வரலாமா? என்னென்ன வாங்கவேண்டும்? தோல் என்கிறீர்களே, அது என்ன?

கந்தையா_பேரன் · திங்கள், காலை 9.50

வாங்கத் தொடங்குவதற்கு முன் பாதைக்கு வெளியே எல்லா வகைப் பனியிலும் இறங்கப் பழகுங்கள். ஏறுவது யாருக்கும் வரும். களைத்த காலோடு உடைகிற ஓட்டில் இறங்குவதுதான் பரீட்சை.

தோல் என்பது ஸ்கீயின் அடியில் ஒட்டும் நீளப் பட்டை. முன்பு கடல்நாய்த் தோலில் செய்தார்கள், பெயர் நின்றுவிட்டது. இப்போது ஆட்டு ரோமமும் நைலானும் கலந்தது. மயிர் ஒரு பக்கமே படிந்திருப்பதால் முன்னே வழுக்கும், பின்னே வழுக்காது. வசந்த காலத்தில் அது நனைந்தால் பனி அடியில் கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு காலும் இரண்டு கிலோ கூடிவிடும். மெழுகுக் கட்டி ஒன்று சட்டைப்பையில் இருக்கட்டும். கெட்டியான ஓட்டில் ஏற ஹார்ஷ்ஐசன் என்னும் இரும்புப் பற்களும் வேண்டும். அதைப் பையின் அடியில் போட்டுவிட்டுச் சரிவின் நடுவில் தேடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

தேடுகருவி, மண்வெட்டி, துழாவுகோல் மூன்றும் இல்லாமல் எவனும் கூட்டிப்போகமாட்டான், போகவும் கூடாது. புதைந்தவரை முதல் 10 நிமிடங்களுக்குள் எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அதற்குப் பிறகு அந்தக் கணக்கு செங்குத்தாக விழுகிறது. ஹெலிகாப்டர் அதற்குள் வராது. உங்களைத் தோண்டி எடுக்கப்போவது பக்கத்தில் நிற்கும் நண்பன்தான். ஆகவே அவனுக்குத் தோண்டத் தெரியுமா என்று பாருங்கள்.

அவசர எண்ணும் குறித்துக்கொள்ளுங்கள். சுவிஸின் மற்றப் பகுதிகளில் ரேகா என்னும் மீட்பு ஹெலிகாப்டர் சேவைக்கு 1414. வாலிஸ் மாநிலத்தில் 144. லெம்மரன் குடில் இருப்பது வாலிஸில்.

மலைமுகடு · திங்கள், மதியம் 12.20

தூள்பனி, ஏன் ஐந்தரை என்று கேட்டீர்கள். எங்களில் தச்சு வேலை செய்யும் நண்பனுக்குப் போன இலையுதிர் காலத்தில் முழங்கால் சத்திர சிகிச்சை. அவன் மணிக்கு முந்நூறு மீட்டருக்கு மேல் ஏறுவதில்லை. இருட்டில் கெட்டியான ஓட்டில் குறுக்காக ஏறுவது அவன் காலுக்கு ஆகாது, பக்கவாட்டில் இழுக்கும். வெளிச்சம் வந்த பிறகு போகலாம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் காலைச் சாப்பாட்டு நேரம் ஐந்து என்று குறித்துக்கொடுத்தபோது யாரும் மறுக்கவும் இல்லை.

பேர்ண்_அக்கா · திங்கள், மாலை 5.45

இதற்காகத்தான் காத்திருந்தேன்.

பேர்ண்காரர் வெர்னர் முன்டர் தந்த மூன்றுக்கு மூன்று முறையை இங்கே எல்லாப் பயிற்சியிலும் சொல்லிக்கொடுக்கிறார்கள். நிலைமை, நிலப்பரப்பு, மனிதர். இந்த மூன்றையும் வீட்டில் ஒரு முறை, இடத்துக்கு வந்ததும் ஒரு முறை, ஒவ்வொரு சரிவிலும் ஒரு முறை பார்க்கவேண்டும். முதல் இரண்டையும் நீங்கள் நன்றாகவே பார்த்திருக்கிறீர்கள். அறிக்கை படித்தீர்கள், நிபந்தனை வைத்தீர்கள், அதை மதித்தீர்கள். மூன்றாவதைப் பார்க்க உங்களுக்குக் கூச்சம். ஐந்து பேரும் ஒருவரையொருவர் இருபது வயதிலேயே அறிந்துவிட்டதால் இப்போது யார் எப்படி இருக்கிறார் என்று கேட்பதே இல்லை.

இது உங்கள் வீட்டு விவகாரம் மட்டுமல்ல. இயன் மெக்கம்மன் என்பவர் அமெரிக்காவில் நடந்த நூற்றுக்கணக்கான பனிச்சரிவு விபத்துகளை எடுத்து அலசினார். பழகிய இடத்தில், பயிற்சி பெற்றவர்களும் ஏறக்குறையப் பயிற்சி இல்லாதவர்களைப் போலவே அபாயத்துக்குள் போயிருந்தார்கள் என்பது அவர் கண்டவற்றில் ஒன்று. பழகிய மனிதருக்கும் அது பொருந்தும் என்பது என் எண்ணம். புதியவர்களோடு போனால் வேகம் என்ன, முழங்கால் எப்படி, கடைசியாக எப்போது ஏறினாய் என்று கூச்சமில்லாமல் கேட்போம். நண்பனிடம் கேட்டால் அவனைச் சந்தேகிப்பது போலிருக்கும்.

உங்கள் ரயில்காரர் கோபப்பட்டது பனியைப் பற்றி என்று நான் நம்பவில்லை. நாலு மணிக்குப் போயிருந்தால் உச்சி கிடைத்திருக்கும் என்று அவருக்குத் தெரியும். யாருக்காகப் போகவில்லை என்பதும் தெரியும். அதைச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. சொல்ல முடியாததற்குப் பதிலாகத்தான் "பயந்தாங்கொள்ளிகள்" என்று வந்திருக்கிறது.

அரைக்கிழவன் · திங்கள், இரவு 8.30

அக்கா எல்லாவற்றுக்கும் ஆராய்ச்சி காட்டுவார், நமக்கு அந்த வசதி இல்லை. நான் எண்பதுகளில் இந்த நாட்டுக்கு வந்து, வாலிஸில் ஒரு ஹோட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவியவன். தலைமைச் சமையற்காரர் தன் பழைய ஸ்கீயைக் கொடுத்து மலைக்குக் கூட்டிப்போனார். அவருடைய குழுவில் ஒரே ஒரு சட்டம்தான். யாராவது ஒருவர் "திரும்புவோம்" என்றால் திரும்பவேண்டும், காரணம் கேட்கக் கூடாது. அன்று மட்டுமல்ல, பிறகும் கேட்கக் கூடாது. பீர் குடிக்கும்போதும் கேட்கக் கூடாது.

சிரிப்பாக இருக்கும். ஆனால் காரணம் சொல்லவேண்டும் என்றால் மனிதன் பொய் சொல்வான், அல்லது வாயை மூடிக்கொண்டு பின்னால் வருவான். வயிற்று வலிக்காரனும் கால் நடுங்குகிறவனும் பனியைக் குறை சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். அப்புறம் யார் சொல்வது உண்மையான பனிக் கதை என்று தெரியாது.

ரயில்காரத் தம்பிக்கு ஒரு சொல். நேர அட்டவணை தவறினால் உச்சி ஓடிவிடாது. அடுத்த வண்டி அடுத்த ஏப்ரலில் இருக்கிறது.

தூள்பனி · திங்கள், இரவு 9.05

ஐயா, அந்தச் சட்டத்தில் எனக்கு உடன்பாடில்லை. திரும்பிய பிறகாவது காரணம் பேசவேண்டும். பேசாவிட்டால் எப்படிக் கற்றுக்கொள்வது? மலையில் கேட்காதே என்பது சரி, பீர் மேசையில் கேட்காதே என்பது சரியில்லை. இங்கே ஒருவரும் கேட்காததால்தான் அவன் பேர்ண் வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

அரைக்கிழவன் · திங்கள், இரவு 9.20

உங்களுக்கு வயது முப்பதுக்குள் இருக்கும். சரி, பீர் மேசையை விட்டுக்கொடுத்தேன்.

கந்தையா_பேரன் · செவ்வாய், காலை 8.10

முழங்கால்காரருக்கு ஏற்றதாக வேறு டூர் பாருங்களேன். ரயிலிலேயே யுங்ஃப்ராவ்யோக் வரை, 3,454 மீட்டர் ஏறிவிடலாம். அங்கிருந்து கொன்கோர்டியா பனியாற்றுச் சமவெளிக்கு இறங்கி, லோட்சன்லூக்கை கணவாய்க்கு நிதானமான ஏற்றம், பிறகு நீண்ட இறக்கம். ஏறுவது குறைவு. பனியாறு என்பதால் கயிறும் அது தெரிந்த ஆளும் கட்டாயம்.

பேர்ண்_அக்கா · செவ்வாய், காலை 8.40

அந்த வழி இறங்கி முடிவது லோட்சன் பள்ளத்தாக்கில். 2025 மே 28இல் பனியாறு சரிந்து பிளாட்டன் கிராமம் புதைந்தது அங்கேதான். பழைய குறிப்புகளை நம்பிப் போகவேண்டாம். பாதையும் பஸ்ஸும் எப்படி இருக்கின்றன என்று முதலில் ஊராட்சியிடம் கேளுங்கள். கொன்கோர்டியா குடிலில் தங்கி அதே வழியில் திரும்பலாமா என்றால், பனியாறு தாழ்ந்துபோனதால் குடிலுக்கு இப்போது நானூறுக்கும் மேற்பட்ட இரும்புப் படிகள். சத்திர சிகிச்சை செய்த முழங்காலுக்கு அதைவிடக் கொடிய பரிசு வேறில்லை.

லெம்மரனிலேயே தீர்வு இருக்கிறது. ஒரே குடில், இரண்டு குழு. வேகமானவர்கள் நாலு மணிக்கு வில்ட்ஸ்ட்ரூபெலுக்கு; மற்றவர்கள் விடிந்த பிறகு பக்கத்து மலையான ரோட்டர் டோட்ஸுக்கு, 2,848 மீட்டர், ஏற்றம் பாதிகூட இல்லை. இரண்டு குழுவிலும் குறைந்தது இரண்டு பேர், இரண்டு குழுவுக்கும் தனித்தனி நிபந்தனை.

மலைமுகடு · புதன், இரவு 10.15

நேற்று ரயில்காரனுக்குப் போன் செய்தேன். முதல் ஐந்து நிமிடம் பனியைப் பற்றியே பேசினான். நாலே கால் கதையைச் சொன்னேன். "தெரியும், அவர்கள் பூட்ஸ் மாட்டும் சத்தத்தில் விழித்துக்கொண்டேன். உங்களை எழுப்பலாமா என்று யோசித்தேன்" என்றான். ஏன் எழுப்பவில்லை என்று கேட்டேன். "அவன் காலை வைத்துக்கொண்டு எப்படி எழுப்புவது?" என்றான். அக்கா சொன்னது சரிதான்.

அதற்குப் பிறகு தச்சனிடமும் பேசினேன். இதில் யாரும் எதிர்பார்க்காதது, அவனுக்குத்தான் எங்கள் எல்லார் மேலும் கோபம். "எனக்காகத் தாமதமாகப் போகிறீர்கள் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் குடிலில் படுத்துத் தூங்கியிருப்பேன். கேட்காமலே சலுகை காட்டிவிட்டுப் பிறகு என் பெயரைச் சொல்லிச் சண்டை பிடிக்கிறீர்கள்" என்றான். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

இரண்டு குழுத் திட்டத்தை மற்றவர்களும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் தச்சன் ரோட்டர் டோட்ஸுக்கு வரமாட்டானாம், அது சின்னப்பிள்ளை மலையாம். ஷ்டெக்ஹோர்னுக்குத்தான் போவானாம், 3,146 மீட்டர். யார் கூடப் போவது என்று இப்போது அடுத்த வாக்குவாதம் ஓடுகிறது.

புதிய_சூரிச்வாசி · வியாழன், காலை 7.35

எல்லாவற்றையும் படித்தேன். வரும் குளிர்காலத்தில் ஆல்பைன் கிளப்பின் தொடக்கநிலைப் பயிற்சியில் சேர்வது என்று தீர்மானித்துவிட்டேன். ஒரு சந்தேகம்: தோலை ஸ்கீயின் முழு அகலத்துக்கும் வெட்டவேண்டுமா?

கந்தையா_பேரன் · வியாழன், காலை 7.50

இல்லை. இரண்டு பக்கமும் உலோக விளிம்பு தெரியும்படி ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் விட்டு வெட்டுங்கள். விளிம்பை மூடிவிட்டால் கெட்டியான ஓட்டில் பிடிக்காது. முதல் முறை கடையிலேயே வெட்டச் சொல்லுங்கள்.